எதிர்மனுதாரர் எண் 3

நுகர்வோர் வழக்குப் போடுகிற வக்கீல்களிடம் ஒரு கணக்கு இருந்தது. 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட மன்றத்தின் வரம்பு அப்போது 20 லட்சம் ரூபாய். அதைத் தாண்டினால் மாநில ஆணையத்துக்கு அலைய வேண்டும். அதனால் இழப்பு எவ்வளவு பெரிதானாலும் மனுவில் 19,90,000 என்று போட்டு நிறுத்திக்கொள்வார்கள். 2019-இல் என் மேசைக்கு வந்த ஒரு மனுவிலும் அதே தொகைதான். மகனை இழந்த தாயும் தகப்பனும் கேட்ட இழப்பீடு.

பையனுக்கு 24 வயது. பொறியியல் முடித்துவிட்டு ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவன். மனச்சோர்வுக்காக எட்டு மாதமாக ஒரு தனியார் மருத்துவமனையில் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டும், வாரம் ஒருமுறை ஆலோசனைக்கு வந்துகொண்டும் இருந்தான். தேறி வருகிறான் என்றே வீட்டில் நினைத்தார்கள். மருத்துவமனையிலும் அப்படித்தான் நினைத்தார்கள். வியாழக்கிழமை மாலை வந்து பேசிவிட்டுப் போனான். ஞாயிறு இரவு உயிரை மாய்த்துக்கொண்டான். எப்படி என்பது பிரேத விசாரணை அறிக்கையில் இருக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும்.

எதிர்மனுதாரர் எண் 1 மருத்துவமனை. எண் 2 மனநல மருத்துவர். எண் 3 வாராவாரம் அவனோடு உட்கார்ந்து பேசிய கிளினிகல் சைக்காலஜிஸ்ட், 29 வயதுப் பெண். மூவருக்கும் நான்தான் வக்காலத்து. ஊரையும், ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.

மருத்துவ அலட்சிய வழக்குகள் எனக்குப் புதிதில்லை. அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் வருவார்கள், மகப்பேறு மருத்துவர்கள் வருவார்கள். வரும்போதே கோபத்தோடு வருவார்கள். "இருபது வருஷ சர்வீஸ் சார், என் மேலயே கேஸா?" என்பார்கள். அந்தக் கோபம் வக்கீலுக்கு வசதியானது. பாதி பதிலுரையை அதுவே எழுதிவிடும். இந்தப் பெண்ணிடம் கோபமே இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியரான அப்பாவைத் துணைக்கு அழைத்து வந்திருந்தார். அவர்தான் முதலில் பேசினார். "ராத்திரியெல்லாம் போனைக் கையில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா சார். யாராவது பேஷன்ட் கூப்பிட்டா எடுக்காம விட்டுடுவேனோன்னு பயம். என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லேங்கறா."

அந்தப் பெண் கொண்டுவந்திருந்தது கேஸ் ஷீட்டின் ஜெராக்ஸ். ஓரமெல்லாம் நைந்திருந்தது. எட்டு மாதக் குறிப்பில் ஏறக்குறைய எல்லா வரிக்குக் கீழேயும் பென்சில் கோடு. ஒரிஜினலில் இப்படிக் கை வைக்கவில்லையே என்றுதான் முதலில் கேட்டேன். வக்கீல் புத்தி. இல்லை என்றார். பிறகு, "எதுக்கும்மா எல்லாத்துக்கும் கோடு?" என்றேன்.

"எங்கயாவது சொல்லியிருக்கானான்னு தேடினேன் சார். தேடத் தேட எல்லா வரியும் சொன்ன மாதிரியே இருக்கு."

பையனின் குடும்பம் காவல் நிலையத்திலும் இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ (அலட்சியத்தால் மரணம்) பிரிவில் மனுக் கொடுத்திருந்தது. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக வழிகாட்டியிருக்கிறது: மருத்துவர் மீது கிரிமினல் நடவடிக்கை எடுக்கும் முன், விசாரணை அதிகாரி அந்தத் துறையில் தேர்ந்த, முடிந்தால் அரசுப் பணியிலுள்ள, இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்க வேண்டும், அலட்சியம் மிக மோசமான அளவில் இருந்தால்தான் குற்றமாகும். அரசு மருத்துவமனை மனநல மருத்துவரின் கருத்து எங்களுக்குச் சாதகமாக வந்தது. அந்தப் புகார் முடிந்தது. ஆனால் ஸ்டேஷன் பெஞ்சில் அரை நாள் உட்கார்ந்திருந்தது அந்தப் பெண்ணுக்கு முடியவில்லை என்பதை அடுத்த சில மாதங்களில் பார்த்தேன். காக்கிச் சட்டையைக் கண்டால் பேச்சு நின்றுவிடும்.

நுகர்வோர் வழக்கு அப்படிச் சீக்கிரம் முடிகிற ஜாதி இல்லை. மனுதாரர் தரப்பு வக்கீல் என் நண்பர், கெட்டிக்காரர். வினாப்பட்டியல் கொடுத்தார். அதில் ஒரு கேள்வி: "கடைசி அமர்வில் தற்கொலை எண்ணம் உள்ளதா என்று நோயாளியிடம் கேட்டீர்களா?" கேஸ் ஷீட்டில் அன்றைய தேதியில் எண் 3-இன் கையெழுத்தில் பதில் இருந்தது. கேட்டதாகவும், இல்லை என்று அவன் சொன்னதாகவும், தங்கை கல்யாணத்தைப் பற்றிப் பேசியதாகவும் மூன்று வரி. எனக்கு இதைவிட நல்ல ஆவணம் வேண்டாம். "ஆம், கேட்கப்பட்டது. இல்லை என்றார். சான்றாவணம் பார்க்க" என்று டைப் செய்து கையெழுத்துக்கு அனுப்பினேன்.

திரும்பி வந்தபோது கீழே பேனாவால் ஒரு வரி சேர்ந்திருந்தது: "ஆனாலும் நான் இன்னொரு முறை கேட்டிருக்க வேண்டும்."

நேரில் வரச் சொன்னேன். அந்த வரியை அவர் முன்னாலேயே அடித்தேன்.

"அது உண்மைதானே சார்?" என்றார்.

"இது உண்மை இல்லம்மா, வருத்தம். சத்தியப்பிரமாண வாக்குமூலத்துல வருத்தத்தை எழுதினா ஒப்புதல்னு படிப்பாங்க. நீங்க கேட்டீங்க, அவர் இல்லேன்னார். அதுதான் நடந்தது."

"அப்ப வருத்தத்தை எங்க சார் எழுதறது?"

பதிலுரைக்கு ஒரு வடிவம் உண்டு, நிரூபண வாக்குமூலத்துக்கு ஒரு வடிவம் உண்டு, எழுத்துபூர்வ வாதத்துக்கும் உண்டு. அவர் கேட்டதற்கு எந்த வடிவமும் என்னிடம் இல்லை. அப்பா மகளின் தோளைத் தொட்டார். அடித்த இடத்தில் மகள் சுருக்கொப்பம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

வாதத்துக்காக ஆய்வுக் கட்டுரைகளைத் திரட்டியபோதுதான் இந்தப் பெண் தனி ஆளில்லை என்பது எனக்குப் புரிந்தது. கட்டுரைகளைக் கொடுத்தவர் எண் 2, அந்த மனநல மருத்துவர். ஐம்பதைத் தாண்டியவர், அதிர்ந்து பேசாதவர். அமெரிக்காவில் கிளாட் கெம்டாப் என்பவரும் சக ஆய்வாளர்களும் 1988-இல் வெளியிட்ட ஆய்வுகளில், பதில் சொன்ன மனநல மருத்துவர்களில் 51 சதவீதம் பேர் குறைந்தது ஒரு நோயாளியைத் தற்கொலைக்குப் பறிகொடுத்தவர்கள். உளவியலாளர்களில் 22 சதவீதம். பறிகொடுத்த மருத்துவர்களில் சுமார் பாதிப் பேருக்கு அடுத்த சில வாரங்களில் இருந்த மன உளைச்சல், பெற்றோரை இழந்து அதற்காகச் சிகிச்சை தேடி வந்தவர்களின் உளைச்சலுக்குச் சமமாக இருந்தது. 2000-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஸ்காட்லாந்து ஆய்வில் 68 சதவீத மனநல மருத்துவர்களுக்கு இந்த அனுபவம் இருந்தது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குத் தூக்கமின்மை, சோர்வு, எரிச்சல் என்று சொந்த வாழ்க்கையே பாதித்தது. 15 சதவீதம் பேர் முன்கூட்டியே ஓய்வு பெற்றுவிடலாமா என்று யோசித்திருக்கிறார்கள்.

இந்தக் கடைசி எண்ணை நம் நாட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். தேசிய மனநலக் கணக்கெடுப்பு வந்த காலத்தில் இந்தியாவில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை, 0.75 என்பதே பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின்படி 2022-இல் தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். இருக்கிற சிலரும் மனம் விட்டு ஒதுங்கினால் அடுத்து வருகிறவர்களை யார் பார்ப்பது?

ஹெர்பர்ட் ஹெண்டின் குழுவின் கட்டுரையை நான் இருமுறை படித்தேன். நோயாளியை இழந்த 26 சிகிச்சையாளர்களிடம் பேசிய ஆய்வு. 21 பேர் தாங்கள் வேறு விதமாகச் செய்திருக்கக்கூடிய ஒன்றையாவது சுட்டிக் காட்டினார்கள். எதிர்த்தரப்பு கையில் கிடைத்தால் இது ஆயுதம். எனக்கோ, பென்சிலால் எல்லா வரிக்கும் கோடு போட்ட ஜெராக்ஸுக்கு இது விளக்கமாகத் தோன்றியது. முடிவு தெரிந்த பிறகு படித்தால் எந்தக் குறிப்பும் எச்சரிக்கையாகத்தான் தெரியும். வியாழக்கிழமை மாலை அந்த முடிவு யாருக்கும் தெரியாது.

எண் 2-வுக்கு இது முதல் இழப்பு இல்லை. பட்ட மேற்படிப்பு மாணவராக இருந்தபோதே ஒருவரை இழந்திருக்கிறார். அன்று துறைத் தலைவர் கேட்ட ஒரே கேள்வி, "கேஸ் ஷீட் சரியா இருக்கா?" அதற்குமேல் ஒருவரும் கேட்கவில்லை. என்னிடம் ஒருநாள் சொன்னார்: "சர்ஜன் கையில ஆள் போனா மார்ட்டாலிட்டி மீட்டிங் போடுவாங்க. திட்டு விழும், ஆனா பேசுவாங்க. எங்க கையில போனா நாங்க வராண்டாவுல வரும்போது பேச்சு நின்னுடும் சார்." இந்தப் பையனின் மரணத்துக்குப் பிறகு அவர் சந்தேகம் வந்தவர்களையெல்லாம் அட்மிஷன் போடச் சொன்னார் என்பதை அவரே ஒப்புக்கொண்டார். பாதுகாப்பான வைத்தியம் என்று அதற்குப் பெயர். யாருக்குப் பாதுகாப்பு என்று கேட்டால் சிரிப்பார்.

அட்மிஷன்தான் வழக்கின் மையப் புள்ளியாகவும் இருந்தது. ஏன் உள்நோயாளியாகச் சேர்க்கவில்லை என்று கேட்டார் நண்பர். மரணத்துக்குச் சில வாரங்கள் முன்பு மருத்துவர் அட்மிஷனுக்கு யோசனை சொன்னது பதிவாகியிருந்தது. பையன் மறுத்துவிட்டான். லீவு கிடைக்காது, கம்பெனியில் தெரிந்துவிடும் என்றான். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்த பிறகு, வயது வந்த ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாகச் சேர்க்க 89-ஆம் பிரிவின் நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். அவருடைய நியமனப் பிரதிநிதி விண்ணப்பிக்க வேண்டும். இருவர் தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும். தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யும் மிரட்டல், முயற்சி போன்றவை அண்மையில் இருந்திருக்க வேண்டும். இங்கே அப்படி ஒன்றும் இல்லை. இல்லாதபோது சேர்த்திருந்தால் அதுவும் ஒரு வழக்காகியிருக்கும்.

பிறகு போலம். மருத்துவ அலட்சியம் என்றால் இந்தியாவில் எந்த வக்கீலும் உச்சரிக்கிற பெயர். பொறுப்புள்ள மருத்துவர்களில் ஒரு சாரார் ஏற்கும் முறையில் நடந்திருந்தால் அலட்சியம் ஆகாது என்ற விதி அதிலிருந்து வந்தது. 1957-இல் லண்டனில் தீர்ப்பான அந்த வழக்கே ஒரு மனநல மருத்துவமனை வழக்கு என்பது நம்மில் பலருக்கு மறந்துவிட்டது. மனச்சோர்வுக்காகச் சேர்ந்த ஜான் போலம் என்பவருக்கு மின் அதிர்வுச் சிகிச்சையின்போது எலும்பு முறிந்தது. தசை தளர்த்தும் மருந்து கொடுக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. அவர் தோற்றார். இதை வாதத்தில் சொன்னபோது மன்றத் தலைவர் நிமிர்ந்து பார்த்துக் குறித்துக்கொண்டார். கூடவே 2017-இல் வந்த ஃபிராங்க்ளின் குழுவின் தொகுப்பாய்வையும் தாக்கல் செய்தேன். ஐம்பது ஆண்டுகளில் வந்த 365 ஆய்வுகளை அலசி, தற்கொலையை முன்கூட்டிக் கணிக்கும் திறன் குருட்டு யூகத்தைவிடச் சற்றே மேல் என்று சொன்ன ஆய்வு அது.

எனக்கு இன்னொரு துருப்பும் இருந்தது. வீட்டைப் பற்றி, குறிப்பாக ஒருவரைப் பற்றி, பையன் ஆலோசனை அறையில் சிலவற்றைச் சொல்லியிருக்கிறான் என்று பேச்சுவாக்கில் எனக்குத் தெரிய வந்தது. கேஸ் ஷீட்டில் அது மேலோட்டமாகத்தான் இருந்தது. எண் 3 வாய்திறந்தால் மனுதாரர் தரப்பு ஆடிப்போகும். கேட்டேன். இந்த வழக்கு முழுவதிலும் அந்தப் பெண் குரலை உயர்த்திப் பேசியது அந்த ஒரு முறைதான்.

"அவன் என்கிட்ட சொன்னது சார் அது. மன்றம் உத்தரவு போட்டா மூடின கவர்ல குடுக்கறேன். நானா சொல்ல மாட்டேன். சொல்லித்தான் ஜெயிக்கணும்னா தோத்துடலாம்."

23-ஆம் பிரிவு, ரகசியக் காப்பு என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் ஒரு பத்தி இருக்கிறது. அது வேலை செய்கிற விதத்தை நான் பார்த்தது அன்றைக்குத்தான். எந்த உத்தரவும் வரவில்லை. அது கடைசிவரை வெளியே வரவும் இல்லை.

இதற்கிடையில் மருத்துவமனை நிர்வாகம் செய்ததையும் சொல்லியாக வேண்டும். எண் 1-ம் என் கட்சிக்காரர்தான், ஆனாலும் சொல்கிறேன். வழக்கு முடியும்வரை புது நோயாளிகள் வேண்டாம் என்று அந்தப் பெண்ணிடம் வாய்மொழியாகச் சொன்னார்கள். ஓபி போர்டிலிருந்து பெயரை எடுத்தார்கள். இந்த விஷயத்தை யாரும் யாரிடமும் பேசக்கூடாது என்று ஒரு சுற்றறிக்கை விட்டார்கள். கூட வேலை பார்த்தவர்கள் அதை அட்சரம் பிசகாமல் பின்பற்றி, மதியச் சாப்பாட்டுக்குக்கூட அவர் பக்கத்தில் உட்காரவில்லை. வரவேற்பில் இருந்த ஒரு பெண் மட்டும் அப்பாயின்ட்மென்ட் நோட்டில் வியாழன் ஐந்தரை மணிக்கு யார் பெயரையும் எழுதாமல் விட்டிருந்தாள். ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை. அந்த ஒரு காரியத்துக்காக அவளுக்கு இன்றும் தீபாவளிக்கு இனிப்பு போகிறது என்று கேள்வி.

கொரோனா வந்து வாய்தாக்கள் தள்ளிப்போயின. 2020 ஜூலையில் புதுச் சட்டம் அமலுக்கு வந்து, மன்றம் ஆணையம் ஆனது. போர்டு மாறியது, பெஞ்சு மாறவில்லை. அந்த பெஞ்சில்தான் அது நடந்தது.

விசாரணை நாள். தாயார் நேராக எண் 3-இடம் வந்தார். நானும் நண்பரும் பார்த்துக்கொண்டிருந்தோம். எதிர்த்தரப்போடு பேச விடக்கூடாது என்பது இரு பக்கத்துக்கும் பொதுவான தொழில் விதி. நண்பர் என்னைப் பார்த்தார். "டீ சாப்பிடலாமா?" என்றார். போனோம்.

திரும்பும்போது கடைசிப் பேச்சு காதில் விழுந்தது. "டாக்டரம்மா, அவன் கடைசியா உங்ககிட்ட என்னதான் சொன்னான்?" என்று தாய் கேட்டுக்கொண்டிருந்தார். ஊரில் வெள்ளைக் கோட்டு போடாவிட்டாலும் எல்லோரும் டாக்டரம்மாதான். "தங்கச்சி கல்யாணத்துக்கு என்ன கலர் சட்டை எடுக்கறதுன்னு கேட்டுக்கிட்டிருந்தான்மா," என்றார் இந்தப் பெண். அந்த அம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். தகப்பனார் தூரத்தில், தூண் பக்கம், முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். வழக்கை வாபஸ் வாங்கவில்லை. வாங்க வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. கேள்வி கேட்க அவர்களுக்கு வேறு இடம் கிடைக்கவில்லை என்பதுதான் என் கணிப்பு. மரணம் நடந்த வாரத்திலேயே மருத்துவமனையிலிருந்து ஒருவர் அந்த வீட்டுப் படியேறியிருந்தால் இந்தக் கட்டு என் மேசைக்கு வந்திருக்காது என்று இன்றும் நினைக்கிறேன்.

ஏன் யாரும் போவதில்லை? வக்கீல்கள் போக விடுவதில்லை. "ரொம்ப வருத்தப்படறோம்" என்று சொன்னாலே அது ஒப்புதலாக முளைத்துவிடும் என்று பயமுறுத்தி வைத்திருக்கிறோம். பயத்தில் கொஞ்சம் நியாயமும் உண்டு. இங்கிலாந்தில் 2006-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் 2-ஆம் பிரிவு, மன்னிப்புக் கேட்பதே அலட்சியத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது என்று எழுதி வைத்திருக்கிறது. நம்மிடம் அப்படி ஒரு பிரிவு இல்லை. துக்கம் விசாரிக்க ஒரு சட்டப் பிரிவு தேவைப்படும் நிலைக்கு வந்திருக்கிறோம் என்று என் சீனியர் இருந்திருந்தால் திட்டியிருப்பார். ஆனால் தேவைப்படுகிறது.

2022-இல் உத்தரவு வந்தது. சிகிச்சை ஏற்கப்பட்ட முறைப்படி நடந்திருக்கிறது, சேவைக் குறைபாடு நிரூபிக்கப்படவில்லை, மனு தள்ளுபடி, செலவுத்தொகை இல்லை. மேல்முறையீட்டுக்கு 45 நாள் அவகாசம். யாரும் போகவில்லை. போனில் தகவல் சொன்னபோது எண் 3, "சரி சார்" என்றார். பிறகு, "அவங்க அம்மாவுக்குச் சொல்லிட்டாங்களா?" என்று கேட்டார். அந்த ஆண்டே அவர் மருத்துவமனை வேலையை விட்டுவிட்டு ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கப் போனார். இப்போது வாரத்தில் இரண்டு நாள் மீண்டும் நோயாளிகளைப் பார்க்கிறார். மாணவர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு வகுப்பை இதற்கென்றே வைத்திருக்கிறார்: உங்களிடம் வந்தவர் இறந்துபோனால் முதல் வாரத்தில் யாரிடம் பேசுவீர்கள் என்று ஒவ்வொருவரையும் எழுதித் தரச் சொல்கிறார்.

மருத்துவமனை நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள், இலவச ஆலோசனையாகவே வைத்துக்கொள்ளுங்கள். இப்படி ஒரு மரணம் நடந்தால், சிகிச்சை கொடுத்தவரோடு அந்த வாரமே ஒரு மூத்தவரை உட்கார வையுங்கள். அது விசாரணையாக இருக்க வேண்டாம். குடும்பத்தைப் பார்க்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். போகும் முன் வக்கீலைக் கேளுங்கள், என்ன பேசலாம் என்று அவர் சொல்லட்டும், போகாதே என்று சொன்னால் வேறு வக்கீலைப் பாருங்கள். பெயர்ப் பலகையைக் கழற்றாதீர்கள்.

தற்கொலை எண்ணம் வந்தாலோ, அப்படி ஒருவரை இழந்து தவித்தாலோ அழைக்க வேண்டிய எண்கள்: தமிழ்நாடு அரசின் 104, டெலிமனாஸ் 14416, சென்னை ஸ்நேகா 044-24640050. மனநல மருத்துவர்களுக்கும் ஆலோசகர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.